வாசலில் நின்ற வாத்தியம்

"யாருய்யா இங்க நிக்கச் சொன்னது? நடங்கய்யா, நடங்க!"

அப்துல் கய்யூம் கையை வீசிக்கொண்டு ஓடிவந்தார். மகள் கல்யாணத்துக்கென்று தைத்த வெள்ளைச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டிக்கொண்டது.

மாப்பிள்ளை ஊர்வலம் உஜோங் பாசிரிலிருந்து காரில் வந்து, காஜா பெராங் முனையில் இறங்கி, பெண் வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தது. முன்னால் நல்லையாவின் பேண்டு. துக்க வீட்டைக் கடக்கும்போது வாத்தியத்தை நிறுத்திவிட்டு ஓசைப்படாமல் போவது அந்தத் தெருவில் எழுதாத சட்டம். இன்றைக்கு என்னவென்றால், அண்ணாமலைச் செட்டியார் வீட்டு வாசலிலேயே நின்று முழங்கிக்கொண்டிருந்தார்கள்.

செட்டியாரின் ஒரே மகன் நாராயணன் அதே பேண்டில் கிளாரினெட் வாசித்தவன். சுதந்திர நாளான மெர்டேக்கா அன்று திடலில் வாசித்துவிட்டு வந்த பிள்ளை, அடுத்த மாதமே காய்ச்சலில் போய்விட்டான். அன்றிலிருந்து செட்டியார் கடையைத் திறக்கவில்லை. யாரோடும் பேசவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லை.

பக்கத்து வீட்டுக் கய்யூம், கல்யாணத்தைத் தள்ளிவைக்கட்டுமா என்று போய்க் கேட்டார். செட்டியார் வேண்டாமென்று தலையை மட்டும் ஆட்டினார்.

"அப்ப உங்க வாசல்ல ஒரு சத்தம் வராது செட்டியாரே. இது என் வாக்கு."

சொன்னவர் அதோடு விட்டாரா? துக்காங் எமாஸ் தெருப் பள்ளிவாசலில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். தன் வீட்டு ரேடியோவைத் துணி போட்டு மூடிவைத்திருப்பதையும் சேர்த்துச் சொன்னார். அவரைப் பார்த்து அக்கம்பக்கமும் அடங்கிப்போனது. அதில் கய்யூமுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

அந்த வாக்குதான் இப்போது நடுத்தெருவில் மானம் போய் நின்றது.

"நல்லையா, உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? இது யார் வீடுன்னு தெரியல?"

நல்லையா டிரம்பெட்டை வாயிலிருந்து எடுக்காமல், பொறுங்கள் என்று கண்ணால் சொன்னார்.

கய்யூமுக்கு மைத்துனன் அலி அக்பர் ஞாபகம் வந்தது. கல்யாண வாத்தியம் ஊமையாகப் போனால் நன்றாகவா இருக்கும் என்று காலையில்கூட முணுமுணுத்தவன் அவன்தான்.

"உன் வேலைதானே இது?"

"அல்லா மேல ஆணையா நான் இல்ல மச்சான்."

"பேசாத. இத்தனை வருஷச் சிநேகத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியே."

சம்பந்தி வீட்டார் முன்னால் வாங்கிக் கட்டிக்கொண்ட அலி அக்பர், முகம் சுண்டிப்போய் ஒதுங்கி நின்றான்.

செட்டியார் வீட்டுக் கதவு திறந்தது. மழிக்காத தாடியும் தோளில் துண்டுமாக அவர் படிக்கு வந்தார். கய்யூம் ஓடிப்போய் எதிரே நின்றார்.

"மன்னிச்சுக்குங்க செட்டியாரே. எனக்குத் தெரியாம..."

செட்டியார் அவர் பக்கம் திரும்பவில்லை. பேண்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பாட்டின் நடுவில் ஓர் இடத்தில் ஊதுகிறவர்கள் எல்லோரும் ஓய்ந்தார்கள். டிரம் மட்டும் மெதுவாகத் தாளம் தட்டியது. அது கிளாரினெட் தனியாக வாசிக்க வேண்டிய இடம். நாராயணன் போன பிறகு நல்லையா அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போடவில்லை.

செட்டியாரிடமிருந்து மெல்ல ஒரு முனகல் வந்தது. அழுகிறார் என்றுதான் கய்யூம் முதலில் நினைத்தார். பிறகுதான் புரிந்தது, அவர் பாடிக்கொண்டிருந்தார். செட்டியார் வீட்டுப் பிள்ளைக்கு ஊதுகுழல் என்னத்துக்கு என்று மகனை ஓயாமல் திட்டிய மனிதர், அவன் பின்கட்டில் பழகிய அந்த மெட்டை ஒரு வளைவு விடாமல் வாயாலேயே பாடினார். கடைசி அடி வருவதற்குள் குரல் உடைந்தது. படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதார்.

நல்லையா டிரம்பெட்டைத் தூக்கினார். பேண்டு மறுபடி சேர்ந்துகொண்டது.

கய்யூம் பக்கத்தில் உட்கார்ந்து செட்டியாரின் முதுகைத் தடவிக்கொடுத்தார். அழுது முடித்தவர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"மாப்பிள்ளை வெயில்ல நிக்கிறாரே பாய்." எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் பேசிய முதல் பேச்சு அது. "துக்கக்காரன் நானும் கூட வரலாமா?"

"நீங்க வரலேன்னா எனக்கு அது கல்யாணமே இல்ல."

செட்டியார் சட்டை போட உள்ளே போனார். கய்யூமுக்கு அப்பாடா என்றிருந்தது. நேரே போய் அலி அக்பரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மனசுல வச்சுக்காத மச்சான். நீ செஞ்சது நல்ல காரியம்தான்."

"நான் செய்யலன்னு எத்தனை தடவை சொல்றது?"

"அவர் சொல்றது நிஜம் பாய்." கதவோரத்தில் செட்டியாரின் மனைவி அழகம்மை ஆச்சி நின்றிருந்தார். "நல்லையாகிட்ட நான்தான் சொல்லிவிட்டேன்."

"ஆச்சி, நீங்களா? உங்க மனசு நோகக் கூடாதுன்னுதானே நாங்க எல்லாரும் சத்தம் காட்டாம இருந்தோம்?"

"தெரியும் பாய். நல்ல மனசோடதான் இருந்தீங்க. ஆனா எம்புள்ள இருந்தவரைக்கும் இந்த வீடு ஒரு நாழி சும்மா இருந்ததில்ல. உங்க எல்லாரோட அமைதியிலதான் அவன் தினம் தினம் செத்தான். இன்னிக்குத்தான் வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு."