முழு உதவித்தொகை

“போன வருஷம் வருமானம் அதிகம்னு திருப்பி அனுப்பினேனே, நீங்கதானே?”

கல்லூரி உதவித்தொகை அதிகாரிக்கு அபார ஞாபகசக்தி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மச்சினி பெற்றோர் இல்லாதவள், எங்கள் வீட்டிலிருந்துதான் படிக்கிறாள். பணம் கிடைக்காவிட்டால் படிப்பு நின்றுவிடும்.

“நானேதான் சார்.”

“வீட்ல ரெண்டு சம்பளத்துல ஒண்ணு குறைஞ்சா வாங்கன்னேனே?”

“குறைஞ்சிருச்சு சார்.”

“பாத்தீங்களா! சொன்ன பேச்சைக் கேட்டா எல்லாம் நடக்கும்.” உற்சாகமாக முத்திரையை எடுத்தார். “ரத்த சொந்தம் கையெழுத்துப் போடணும். பொண்ணோட அக்கா எங்கே?”

“அவ சம்பளம்தான் சார் குறைஞ்சது. இறந்துட்டா.”

முத்திரை அந்தரத்தில் நின்றது. அனுதாபம் சொல்வார் என்று நினைத்தேன். விதிப்புத்தகத்தைப் புரட்டினார்.

“உங்க கையெழுத்து செல்லாது சார். ஆனா யாருமே ஆதரவு இல்லாத பொண்ணுன்னா முழு உதவித்தொகையே தரலாம்.” என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்க இருக்கீங்களே!”

அப்போதுதான் அவர் முகத்தில் வருத்தம் தெரிந்தது.

நான் என் பேனாவை மச்சினியிடம் கொடுத்துவிட்டு எழுந்து வாசலுக்கு நடந்தேன்.

“ஏம்மா, இப்ப எழுந்து போறாரே, அவர் உனக்கு யாரு?”

எப்போதும் வாய் ஓயாமல் “மாமா, மாமா” என்கிறவள் என் பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

“தெரியல சார். பேனா கேட்டேன், குடுத்தார்.”

அபார ஞாபகசக்தி உள்ள அதிகாரி அதை அப்படியே நம்பினார். முத்திரை விழும் சத்தம் வாசல்வரை கேட்டது.