ஏழாவது அத்தியாயத்துக்கு ஐந்து நட்சத்திரம்

உப்பின் மேல் ஆணை, ரொட்டியின் மேல் ஆணை: இதில் வரும் ஒவ்வொரு எழுத்தும் சத்தியம்.

“வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒருத்தன் அழியப்போறான்! என் கையால அழியப்போறான்!” என்று லபீப் மேசையில் குத்தினார். எங்கள் ஷுப்ரா பேட்டைக் காப்பிக்கடையில் யாராவது இப்படிக் கத்தினால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அன்று பார்த்தார்கள், டோமினோ ஆட்டம் கலைந்துவிட்டது.

முடிதிருத்தும் ஷுக்ரி ஹூக்காக் குழாயை வாயிலிருந்து எடுத்தார். “யாரைண்ணே கொல்லப்போறீங்க?”

லபீப் போனை நீட்டினார். தபால் இலாகாவிலிருந்து ஓய்வுபெற்றபின் பொழுது போகாமல் அவர் எழுதிய புத்தகம், இல்லறத்தில் இன்பமாக இருக்க ஆண்களுக்கு ஏழு அத்தியாயத்தில் யோசனை. அத்தனையும் கிண்டல். அதற்கு இணையத்தில் முதல் விமர்சனம் வந்திருந்தது, ஐந்து நட்சத்திரத்தோடு.

‘மகத்தான நூல். ஆறு அத்தியாயங்களை அப்படியே கடைப்பிடித்துவிட்டேன். மனைவி வாயைத் திறக்குமுன்பே “நீ சொல்வதுதான் சரி” என்கிறேன். அவள் வீட்டில் இல்லாதபோது அவளுடைய செருப்புக்கு வணக்கம் சொல்கிறேன். வீடு அமைதியாக இருக்கிறது. வரும் வெள்ளிக்கிழமை ஏழாவது.’ கீழே பெயர்: சந்தோஷமான கணவன்.

ஷுக்ரியின் முகம் வெளுத்தது. ஏழாவது என்னவென்று அவருக்குத் தெரியும். முலூகியாக் கீரைக் குழம்பில் வறுத்த பூண்டைக் கொட்டும்போது எங்கள் பெண்கள் ‘ஹா’ என்று மூச்சை உள்ளே இழுப்பார்கள். இழுக்காவிட்டால் ருசி சேராது. அந்த நேரம் பார்த்து, ‘எங்கம்மா இதைவிட நீளமா இழுப்பாங்க’ என்று சொல்லும்படி எழுதியிருந்தார் லபீப்.

“சும்மா நக்கல்ணே இது. செருப்புக்கு எவனாவது வணக்கம் சொல்வானா?”

“நக்கல் பண்றவன் ஆறு அத்தியாயம் படிப்பானா?” என்றார் எதிரே இருந்த பயூமி வாத்தியார்.

“படிச்சவன் அஞ்சு நட்சத்திரம் குடுப்பானா?” என்றார் ஷுக்ரி.

லபீப் இருவரையும் முறைத்தார். “சிரிக்கிற பொம்மை ஒண்ணுகூடப் போடலையேய்யா அவன்!”

“அப்போ நக்கலேதான். நம்மூர்ல முகத்தை உம்முனு வெச்சுக்கிட்டுத்தானே கேலி பண்ணுவாங்க?”

“இல்லேன்னா நிஜமாவே நம்பிட்டான்” என்றார் வாத்தியார். “நம்ப மாட்டானா பின்னே? முதல் வரியிலேயே உப்பு மேல, ரொட்டி மேல ஆணைன்னு எழுதி வெச்சிருக்கீரே!”

“அதைப் பார்த்ததுமே சிரிக்கணும்யா! உண்மை சொல்றவன் எதுக்கு ஆணையிடப்போறான்?”

அப்போது போன் அடித்தது. மகள் ராவியா.

“அப்பா, வெள்ளிக்கிழமை சாப்பிட வாங்க. கொஞ்ச நாளா உங்க மாப்பிள்ளை ரொம்ப நல்லவரா இருக்காரு. எனக்குப் பயமா இருக்கு.”

“நல்லவரா இருந்தா சந்தோஷப்படும்மா. எனக்கு இப்ப நேரமில்லை. இங்க ஒருத்தன் குடும்பமே ஆபத்துல கிடக்கு!” என்று வைத்துவிட்டார்.

பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி விமர்சனத்துக்குக் கீழே பதில் எழுதினார்: ‘ஐயா, அது வேடிக்கைக்கு எழுதியது. தயவுசெய்து ஏழாவதைத் தொடாதீர்கள். இப்படிக்கு, ஆசிரியர்.’

தேநீர் ஆறுமுன் பதில் வந்தது. ‘ஹா ஹா! ஆசிரியரின் குறும்பே தனி!’

லபீப் தலையில் கைவைத்துக்கொண்டார். “நான் கிண்டல் பண்ணினா வேதவாக்குன்னு எடுத்துக்கறான். நெஜத்தைச் சொன்னா சிரிக்கறான். இவனை நான் என்னய்யா பண்ணட்டும்?”

வெள்ளிக்கிழமை வந்தது. தொழுகை முடிந்ததும் அவர் மகள் வீட்டுக்குப் போகவில்லை; காப்பிக்கடையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஜன்னல் ஜன்னலாகப் பூண்டு வாசனை தெருவுக்கு இறங்கிவர, ஒவ்வொரு ‘ஹா’வுக்கும் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

“எந்த வீடுன்னு தெரிஞ்சா ஓடிப்போய் அவன் வாயைப் பொத்திடுவேனே!”

“நக்கல்தாண்ணே. நிம்மதியா இருங்க” என்றார் ஷுக்ரி.

எங்கோ ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது. சற்று நேரத்தில், பெண்கள் காலடி வைக்காத அந்தக் கடைக்குள் கையில் கரண்டியோடு ராவியா நுழைந்தாள்.

“அப்பா! செருப்புக்கு வணக்கம் சொன்னாரு, பொறுத்துக்கிட்டேன். இன்னிக்கு அவங்கம்மாவோட மூச்சை அளந்து காட்டறாரு! யாருப்பா இதையெல்லாம் இந்த மனுஷனுக்குச் சொல்லிக் குடுத்தது?”

ஷுக்ரியும் வாத்தியாரும் டோமினோக் கட்டைகளை வெகு கவனமாக அடுக்க ஆரம்பித்தார்கள்.

அவளுக்குப் பின்னால் மாப்பிள்ளை வஹீத் வந்தான். தலை முதல் சட்டைவரை பச்சைப் பசேலென்று முலூகியா வழிந்தது. முகத்தில் மட்டும் பரீட்சையில் தேறிய பையனின் பூரிப்பு.

“மாமா, மருமகனே புகழ்றான்னு யாரும் சொல்லிடக் கூடாதேன்னுதான் பேரை மாத்திப் போட்டேன்” என்றான். காதில் தொங்கிய கீரையை வழித்துவிட்டு, பயபக்தியோடு குனிந்து கேட்டான்:

“எட்டாவது அத்தியாயம் எப்ப மாமா வரும்?”

நீங்கள் இப்போது படித்து முடித்தது அதுதான்.