சமையலறையில் யாருமில்லை

காலடிச் சத்தம் அலமாரிக்கு வெளியே வந்து நின்றது. உள்ளே ஒடுங்கியிருந்த சிறுமி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். தாழ்ப்பாளில் கை பட்ட அதே நேரம், சமையலறையில் ஏதோ பாத்திரம் தடாலென்று விழுந்தது. கை விலகியது. காலடிகள் அந்தப் பக்கம் போய்விட்டன.

மேலாளர் திரையில் ஓடிய விளையாட்டை நிறுத்திவிட்டு, எதிரே உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார். "இதுக்குத்தாம்மா ஊரே சிரிக்குது."

போன வாரம் வெளியான அந்த வீடியோ கேமை மற்றபடி எல்லோரும் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். விளம்பர வெளிச்சத்தில் மின்னும் எதிர்கால நகரம், பாதி உடம்பு இயந்திரமான காவலாட்கள், அவர்கள் கண்ணில் படாமல் பதுங்கிப் போவது என்று எதையும் விடாமல் புகழ்ந்திருந்தார்கள்.

கதாநாயகி தன் சிறுவயது நினைவுக்குள் போகும் கட்டத்தை மட்டும் கிழிகிழியென்று கிழித்திருந்தார்கள். எத்தனை முறை ஆடினாலும் சரியாக அதே நொடியில் பாத்திரம் விழுமாம், காதில் பூ சுற்றுகிறார்களாம். ஒருவர் வேலை மெனக்கெட்டு, விளையாட்டிலேயே கிடைக்கும், சுவரை ஊடுருவிப் பார்க்கும் இயந்திரக் கண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு, சமையலறையில் ஆளே இல்லை, பேயா தள்ளிவிடுகிறது என்று கேட்டிருந்தார்.

அந்தக் கட்டத்தை உருவாக்கியவள் அவள். அந்த வீடு அவள் வளர்ந்த வீடு. அங்கே தேடி வரும் காவலாளின் நடை, குடித்துவிட்டு வரும் அப்பாவின் நடை.

"நிஜத்துலயும் அப்படித்தான் சார் விழும்" என்று மட்டும் சொன்னாள்.

மேலாளர் நல்ல மனிதர், துருவிக் கேட்கவில்லை. அங்கே ஒரு பூனையை வைத்துவிட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், இன்றைக்குள் முடியாவிட்டால் அந்தக் கட்டத்தையே தூக்கிவிட வேண்டியதுதான் என்றார்.

வீட்டுக்கு வந்து மடிக்கணினியைத் திறந்தாள். அந்த வீட்டில் அவள்மேல் இரக்கப்பட்டது அந்தச் சத்தம் ஒன்றுதான். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று தன்னைக் காப்பாற்றியது என்றே இத்தனை வருடமாக நம்பியிருந்தாள். அதைப் போய் ஒரு பூனையின் தலையில் கட்ட வேண்டியிருக்கிறதே என்று அழுகை வந்தது.

பக்கத்தில் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அப்பா போனபின் மகளோடு வந்து சேர்ந்தவள். இருவருக்கும் பேச்சு அளவோடுதான். ஒருநாள்கூட அம்மா வந்து தன்னைக் காப்பாற்றவில்லை என்ற ஆத்திரம் மகளுக்கு இன்னும் ஆறவில்லை.

பூனையை வைத்து முடித்து, ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தாள். காலடிச் சத்தம் கேட்டதுமே அம்மாவின் கை நின்றுவிட்டது. தாழ்ப்பாளில் கை பட்டது. பூனை பாத்திரத்தைத் தள்ளியது. காலடிகள் சமையலறையை நோக்கி விரைந்தன.

அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"பூனையை எடுத்துடும்மா. அங்க நின்னது நான்தான்."