பத்து மாதப் பயிர்

மஞ்சள் போட்டே பழகிய சென்னியப்பனுக்கு, பயிர் ஆலோசனைக் கம்பெனியின் கருவி இம்முறை உளுந்தைச் சொன்னது. அறுபத்தைந்து நாளில் அறுவடை. அதே மண், அதே வாய்க்கால் தண்ணீர். ஆனால் பக்கத்துத் தோட்டக்காரருக்கு மஞ்சளையே சொல்லியிருந்தது.

"உளுந்தே போடுங்க. மஞ்சளுக்குக் களை வெட்டி என்ற இடுப்பே ஒடஞ்சு போச்சு," என்று மனைவி துளசிமணி சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை. அவர் மணிக்கட்டில் கம்பெனி கட்டிவிட்ட பட்டை, வேலை நேரமெல்லாம் நாடியையும் மூச்சையும் பார்த்துக் கருவிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. மஞ்சளுக்குப் பத்து மாதம் வேண்டும்.

பட்டையைக் கழற்றி அவள் கையில் மாட்டினார், மண்வெட்டியையும் கொடுத்தார்.

"பண்ணயம் இனி உன்ற பேர்ல. ஒரு வாரங் கழிச்சு நீயே கேளு."

"இதென்னங்க கூத்து?" என்றாலும், வாரம் முடிந்ததும் கேட்டாள். கருவி மஞ்சள் என்றது.

"பாத்தீங்களா, எனக்குன்னா வேலையத்தான் சொல்லுது!"

மறுநாள் விதைமஞ்சள் ஊன்றியபடியே, கிழங்கு வெட்டும் பக்குவத்தையும் வேகவைக்கும் பதத்தையும் அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார்.

"இதெல்லாம் எனக்கெதுக்கு? பங்குனில மஞ்ச வெட்டறப்ப நீங்க எங்கீங்க போயிருவீங்க?"

சென்னியப்பன் அடுத்த கிழங்கை வைத்து, மண்ணை மூடினார்.