மரப் பீரங்கிகள்

"முழுசா மறைச்சுடாதீங்க, மதாம் லியோனி. ஒளிஞ்சு விளையாடுற குழந்தையோட கால் மாதிரி ஒரு ஓரம் தெரியணும். அப்பதான் விமானத்துல வர்ற ஜெர்மன்காரன் ஏமாறுவான்," என்றார் கேப்டன் வெர்னே.

பிரான்சின் அமியான் நகரத்து ராணுவப் பட்டறையில் லியோனி மரப் பீரங்கிகளுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தாள். எதிரியின் குண்டுகள் இந்தப் பொம்மைகள்மேல் விழுந்தால் உண்மையான பீரங்கிகள் தப்பும்.

"என் தம்பி ஒகுஸ்த் விஷயம்?" அவனை முன்வரிசைப் பதுங்குகுழியிலிருந்து மாற்றச் சொல்லி மூன்று மாதமாகக் கெஞ்சுகிறாள்.

"மாத்தியாச்சு. இனி அவன் நம்ம பிரிவு. எல்லாம் உங்க கைக்கு நான் செய்யுற மரியாதை."

தம்பி சேற்றில் கிடக்க, தான் வண்ணம் குழைக்கிறோமே என்று அவளை அரித்த குற்றவுணர்வு அன்று அடங்கியது. அந்த நன்றியில் கடைசி இரண்டு பீரங்கிகளைக் கூடுதல் அக்கறையோடு தீட்டினாள்.

பத்தாம் நாள் வெர்னே வந்தார். "ஜெயிச்சுட்டீங்க, மதாம். விழுந்த நூறு குண்டும் உங்க பொம்மைங்க மேலதான்."

"வெறும் மரத்தையா அப்படி நம்பினாங்க?" லியோனி சிரித்தாள்.

வெர்னே தொப்பியைக் கழற்றினார்.

"மரத்தை மட்டும் நம்ப மாட்டாங்க. பக்கத்துல அடுப்பு புகையணும், ஆள் நடமாடணும். அதுக்குத்தான் ஒகுஸ்தை அங்க போட்டிருந்தேன்."