கழுகின் வயிற்றில் பதினாறு ஓட்டை

பெட்டியின் மூடியை மாட்டிய பதினெட்டாவது நிமிஷம் கார்டு அணைந்துவிட்டது.

கார்டு என்றால் சீட்டுக்கட்டுக் கார்டு இல்லை. கம்ப்யூட்டருக்குள் படம் காட்டும் கிராபிக்ஸ் கார்டு. செங்கல் கனம். முன்னால் மூன்று விசிறி, நடுவில் சூட்டை வாங்கிக்கொள்ள அடுக்கடுக்காக அலுமினியம், முதுகில் ஒரே பாளமாகக் கறுப்புத் தகடு. அந்தத் தகட்டில் சிறகு விரித்த கழுகு ஒன்று.

கழுகை வரைந்தவர் டிசைன் செக்‌ஷன் தலைவர். ஆபீசில் அவருக்கு 'ஆர்ட்டிஸ்ட்' என்று பெயர். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவருக்கும் அது பிடிக்கும்.

"மேஜையில வெச்சு ஓட்டினப்ப நல்லாத்தானே ஓடுச்சு?" என்றார் ஆர்ட்டிஸ்ட்.

"மேஜையில காத்து வாங்கிக்கிட்டு ஓடுச்சு" என்றாள் டெஸ்ட் ரூம்காரி. "வாங்கறவங்க வீட்ல மூடின பெட்டிக்குள்ளதானே சார் இருக்கப்போகுது?"

நியாயமான கேள்வி. ஆனால் அந்த ஆபீசில் வருஷக்கணக்காக எல்லாக் கார்டையும் மேஜையில் திறந்து வைத்துத்தான் ஓட்டுவார்கள். போட்டோ நன்றாக வருமாம்.

"கடைசி விசிறி ஊதுற சூடு வெளிய போக வழியில்ல சார். முதுகுத் தகடு மறிச்சுக்கிட்டு நிக்குது. அந்த இடத்துல சர்க்யூட்டும் கிடையாது, வெறும் தகடுதான். நாலு ஓட்டை போட்டா..."

"எங்கே? கழுகு வயித்துலயா?"

"அதுக்கு வலிக்காது சார்."

"போய் உங்க வேலையப் பாருங்க."

அவருக்குத் தலைக்கு மேல் கத்தி. இதற்கு முன் செய்த கார்டு கடைகளிலிருந்து திரும்பி வந்தபோதே முதலாளி சொல்லிவிட்டார்: "இதுவும் தேறலைன்னா நீங்க வேற இடம் பார்த்துக்கலாம்." ஐம்பத்திரண்டு வயசில் வேறு இடம் எங்கே பார்ப்பது? வியாழக்கிழமை பத்து மணிக்கு முதலாளியே வந்து ஓட்டிப் பார்க்கப்போகிறார்.

வியாழக்கிழமை காலை ஆர்ட்டிஸ்ட் பெட்டியைத் திறந்தார்.

கழுகின் வயிற்றில் பதினாறு ஓட்டை. வரிசைக்கு நாலாக, நாலு வரிசை.

அந்த மாடலில் இருப்பதே அந்த ஒரு கார்டுதான். அவருக்கு ரத்தம் கொதித்தது.

"யார் பார்த்த வேலை இது?"

"நான்தான் சார். நேத்து ஒர்க்‌ஷாப்ல கழட்டிப் போட்டேன்."

"யாரைக் கேட்டு?"

"உங்களைத்தான் கேட்டேன். காதுல வாங்கல நீங்க."

"எட்டு மாசம் உக்காந்து வரைஞ்சதைச் சல்லடையாக்கிட்டு வாய் வேறயா? கழுகு வயித்துல இல்லம்மா, என் வயித்துல அடிச்சிருக்கீங்க."

"ஒரு தடவை ஓட்டிப் பாருங்க சார்."

ஓட்டவா? அவர் நேராகத் தன் சீட்டுக்குப் போனார். முதலாளிக்கு லெட்டர் அடித்தார். 'அனுமதி இல்லாமல் முதுகுத் தகட்டில் துளை போட்டுக் கார்டைச் சிதைத்தவரை இன்றே வேலையை விட்டு அனுப்ப வேண்டும்.' அவள் இன்னாரென்று எழுதக்கூட அவருக்குக் கை கூசியது. அப்படியே பிரிண்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டு, முதலாளி மேஜையில் வைத்துவிட்டு வந்தார்.

பத்து மணிக்கு முதலாளி வந்தார். மூடியைத் தன் கையாலேயே முடுக்கினார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பதினெட்டு நிமிஷம் போயிற்று. அரை மணி போயிற்று. ஒரு மணி நேரம். சூடு எழுபத்தாறு டிகிரியில் ஏறி நின்றது நின்றதுதான். விசிறிகூடக் கத்தவில்லை.

முதலாளி எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார். "ரூமுக்கு வாங்க, ஆர்ட்டிஸ்ட்."

ரூமில் மேஜைமேல் இரண்டு காகிதம் இருந்தது. ஒன்று அவருடைய லெட்டர். இன்னொன்று முந்தின நாளே ஓட்டிப் பார்த்து எழுதிய டெஸ்ட் ரிப்போர்ட்.

"என்ன இது, விளையாட்டா?" என்றார் முதலாளி. "துளை போட்டவரை இன்னிக்கே அனுப்பணும்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா சார். கண்டிப்பா அனுப்பணும்."

"உங்களையா?"

"என்னையா சார்?"

முதலாளி ரிப்போர்ட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தார். டெஸ்ட் ரூம்காரியின் முத்து முத்தான கையெழுத்து. 'முதுகுத் தகட்டில் பதினாறு துளை. சூடு வெளியேறுகிறது. கார்டு தேறியது. மாற்றம் செய்தவர்: டிசைன் செக்‌ஷன் தலைவர்.'

ஆர்ட்டிஸ்ட் அந்தக் கடைசி வரியை இரண்டு தரம் படித்தார். அவளுக்கும் தெரிந்திருக்கிறது, 'வேற இடம் பார்த்துக்கலாம்' என்று முதலாளி சொன்னது. ஆபீசுக்கே தெரிந்திருக்கும்.

"உண்மையைச் சொல்லணும்னா, உங்க கணக்கை முடிக்கணும்னுதான் இன்னிக்கு வந்தேன்" என்றார் முதலாளி. "ஆனா வரைஞ்ச படத்துலயே துணிஞ்சு ஓட்டை போடற ஆளை எப்படி விடறது? லெட்டரைக் கிழிச்சுப் போடுங்க. ஏதோ கோபத்துல எழுதிட்டீங்க. இனிமே வர்ற கார்டெல்லாம் உங்க பொறுப்பு."

தலையை ஆட்டினால் போதும். வேலை நிற்கும், பேர் நிற்கும். லெட்டரும் குப்பைக்கூடைக்குப் போய்விடும்.

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் வேறொரு மாடல் கார்டைப் பெட்டிக்குள் வைத்து மூடியை மாட்டிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆர்ட்டிஸ்ட் லெட்டரை எடுத்தார். நாலாகக் கிழித்தார்.

"நான் கூடாதுன்னேன் சார்" என்றார். "போட்டது டெஸ்ட் ரூம் மேடம்."