மதுமிதா செய்தது சரியா?

"தேடி வந்த மாமியார நிக்க வச்சி, மூஞ்சிக்கு நேரா கதவச் சாத்துறாளே அந்த மதுமிதா, இது சரியா? நீங்களே சொல்லுங்க சம்பந்திம்மா" என்று கேட்டாள் வசந்தா.

டிவியில் முந்தின நாள் எபிசோட் மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. ஆயிரம் எபிசோட் தாண்டி, இந்த மாதத்தோடு முடியப்போகிற சீரியல். கருவடிக்குப்பத்தில் அந்தச் சின்ன வீட்டுக் கூடத்தில் நான்கு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். உண்மையைச் சொன்னால், ஒருத்திக்குமே கதையில் மனம் இல்லை.

வசந்தாவின் மகன் பிரேம்குமாரிடம் பட்ட அடி தாங்க முடியாமல், பூவிழி தாய்வீட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு இன்றைக்குத்தான் மாமியார் காலாப்பட்டிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறாள், தனியாக. எதற்கு வந்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நம் வீடுகளில் இதையெல்லாம் நேராகப் பேசிவிட்டால் அப்புறம் சீரியல் எதற்கு?

வந்தவுடன் ஒரு மரியாதைக்கு "சாப்புடுறீங்களா?" என்று கேட்டு வைத்தாள் பூவிழியின் அம்மா அஞ்சலாட்சி. மனஸ்தாபத்தில் இருக்கும் சம்பந்தி வீட்டில் யாரும் கை நனைக்க மாட்டார்கள். வசந்தாவோ மறுபேச்சில்லாமல் தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். கருவாட்டுக் குழம்புக்கு இரண்டாம் தரமும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அஞ்சலாட்சிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கை நனைத்துவிட்டாள் என்றால் மருமகளைக் கூட்டிப் போகத்தான் வந்திருக்கிறாள். பூவிழிக்கோ அதுதான் பயம். அம்மா 'போ' என்று சொல்லிவிட்டால், அந்த அடிக்கும் உதைக்கும்தான் அவள் திரும்பிப் போயாக வேண்டும்.

"தப்புதான் சம்பந்திம்மா" என்றாள் அஞ்சலாட்சி. "புருஷன் மேல ஆயிரம் கோவம் இருக்கட்டும். பெரிய மனுஷி வாசப்படி ஏறி வந்துட்டா, துணிமணிய எடுத்துகினு கெளம்ப வேணாமா? எத்தினி நாளைக்குத்தான் அம்மா வூட்ல ஒக்காந்துகினு இருப்பா? அவளுக்கு அப்புறம் ஒரு தங்கச்சி கல்யாணத்துக்கு நிக்கிறா இல்ல?"

"மதுமிதாவுக்கு ஏதும்மா தங்கச்சி? அவ ஒரே பொண்ணு" என்றாள் சின்னவள் சுடர்விழி.

"நீ வாய மூடுடி."

சுடர்விழி வாயை மூடிக்கொண்டு போனை எடுத்தாள். எபிசோடுக்குக் கீழே ஜனங்கள் கமெண்ட்டாகப் போட்டுத் தள்ளியிருந்தார்கள். "இன்னா போட்டுருக்காங்க, படிம்மா" என்றாள் வசந்தா. வெறும் சீரியலுக்கு அவள் குரலில் இவ்வளவு பதற்றம் வேண்டியதில்லை.

"ஒருத்தரு, 'மனசாட்சி இருக்கறவ கதவத் தெறப்பா'ன்னு போட்டுருக்காரு. இன்னொருத்தங்க, 'சூப்பர் மதுமிதா, இந்த மாமியாருக்கு நல்லா வேணும்'னு போட்டுருக்காங்க. அதுக்குத்தான் லைக் அதிகம் அத்த."

வசந்தா சட்டென்று பூவிழியின் பக்கம் திரும்பினாள். "நீ இன்னா சொல்ற? அந்த மாமியார் பாவம் இல்லியா? அவளா கை ஓங்கினா?"

அஞ்சலாட்சி மகளுக்குக் கண்ணைக் காட்டினாள். தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லேன், குடும்பம் பிழைத்துப்போகட்டும் என்று கெஞ்சியது அந்தப் பார்வை. பூவிழி அம்மாவைப் பார்க்கவில்லை.

"சாத்தினது சரிதான் அத்த" என்றாள். "அந்தம்மா கை ஓங்கல. மவன் போட்டு அடிக்கறப்போ, பக்கத்து ரூம்புல ஒக்காந்துகினு டிவி சத்தத்த ஏத்தி வச்சாங்க. இவ கத்துறது வெளிய கேக்கக் கூடாதுன்னு. அத அவ எப்பிடி மறப்பா?"

"அப்பிடி ஒரு சீனே வரலியேக்கா..." என்று ஆரம்பித்த சுடர்விழி, வசந்தாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிப்போனாள்.

அஞ்சலாட்சிக்கு அப்போதுதான் விளங்கியது. நாலு மாதமாக இதே கூடத்தில் படுத்து எழுந்திருக்கிற மகள், இந்த ஒன்றை மட்டும் அவளிடம் சொன்னதே இல்லை. இத்தனை நாளும் 'அனுசரிச்சிப் போடி' என்று ஓதிய தன் வாயை நினைத்தால் அவளுக்கே வெறுப்பாக இருந்தது.

எழுந்து போய் டிவியை நிறுத்தினாள். மகளுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

"சீரியல் பேச்செல்லாம் போதும் சம்பந்திம்மா. எம்பொண்ண நான் அனுப்பறதா இல்ல. சின்னவளுக்கு வர்ற மாப்பிள்ள வரட்டும், வராட்டி போவட்டும். நீங்க கெளம்புங்க."

வசந்தா கோபப்படுவாள், சண்டைக்கு நிற்பாள் என்று மூன்று பேரும் காத்திருந்தார்கள். அவள் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவே இல்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அஞ்சலாட்சியைத் தாண்டி மருமகளைப் பார்த்தாள்.

"எங்க போவேன் பூவிழி? நேத்து என்னையும் அடிச்சித் தொரத்திட்டான்."